ஞாயிற்றுக்கிழமைத் தம்பி

என் அக்கா வீட்டு மொட்டை மாடிக்குப் பன்னிரண்டு படிகள். கைப்பிடிச் சுவர் கிடையாது. மாமா இருந்தவரை கட்டுகிறேன், கட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டாமலே போய்ச் சேர்ந்தார். அந்தப் படிகளில் ஏறி ஏறி எனக்கு டீ கொண்டுவந்ததால்தான் அக்காவின் இதயம் இந்த நிலைக்கு வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சலில் கெட்டுப்போன வால்வு, இத்தனை வருஷமாக மெல்ல மெல்லச் சுருங்கியிருக்கிறது என்றார். ஒரு வருஷம் முன்னால் காட்டியிருந்தால் சுலபமாகச் சரிசெய்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த ஒரு வருஷம் முழுக்க வாரம் தவறாமல் நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நெய்வேலியில் பிறந்து நெய்வேலியிலேயே வேலைக்குச் சேர்ந்தவன். அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆனவர். நான் ஏழெட்டு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து பிறகு பெர்மனென்ட் ஆனேன். என் வேலை தண்ணீரோடு. நிலக்கரி தோண்டுகிற பள்ளத்துக்கு அடியில் தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு மேலே வரப் பார்த்துக்கொண்டே இருக்கும். சுற்றிலும் பம்புகள் ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தால்தான் பள்ளத்தின் தரை தரையாக இருக்கும். அந்த அழுத்தத்தைக் காட்டும் முட்களைப் பார்த்துக் குறிப்பது எங்கள் செக்‌ஷன். முள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இவனுக்குத் தெரிந்துவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்தத் தலைக்கனத்துக்குத் தீனி போட்டது போக்கர். ரம்மியில் தொடங்கி அதற்குப் போனேன், எல்லாம் போனில்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆளுக்கு இரண்டு சீட்டு, அது எதிராளிக்குத் தெரியாது. நடுவில் ஐந்து சீட்டு, அது எல்லோருக்கும் பொது. நல்ல சீட்டு வந்திருப்பதுபோல் நடிக்கலாம், வராததுபோலும் நடிக்கலாம். எதிரே உட்கார்ந்து ஆடினால் முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடலாம். போனில் முகம் கிடையாது. எதிராளி பொத்தானை அமுக்க எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறான் என்பது மட்டும்தான் தெரியும். சட்டென்று அமுக்கினால் ஓர் அர்த்தம், இழுத்தடித்தால் ஓர் அர்த்தம். எங்கேயோ புனேயிலோ கவுஹாத்தியிலோ இருக்கிற, நான் கண்ணால் பார்க்காத ஆட்களின் தயக்கத்தை அரை விநாடி பிசகாமல் படித்தேன். பெரிய பணக்காரனாக ஆகவில்லை, தெருவுக்கும் வரவில்லை. பணத்தைப் பற்றி இதில் சொல்ல அதிகமில்லை. அந்தப் படிப்புத்தான் எனக்குப் போதையாக இருந்தது.

பிறகு மாநிலத்தில் சட்டம் வந்தது. கோர்ட்டில் விழுந்தது, மறுபடி எழுந்தது, பாதி விழுந்தது. சில தளங்கள் திறந்தன. நான் ஆடிய தளம் இந்த வம்பே வேண்டாம் என்று தமிழ்நாட்டை ஒதுக்கியே வைத்துவிட்டது. திறந்தால் ‘நீங்கள் இருக்கும் மாநிலத்தில் இந்தச் சேவை இல்லை’ என்று ஒரு வரி வரும். வேறு தளத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் பழகிய எதிராளிகள் இருப்பது அங்கேதான். எங்கள் ஷிஃப்டில் ஒருவர் போன் இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் தந்திரம் ஏதோ செய்து பார்த்தார். அவர் கணக்கையே முடக்கிவிட்டார்கள். அவர்தான் ஒருநாள் பஸ்ஸில் என் காதோடு சொன்னார்.

“எதுக்குங்க கஷ்டம்? முள்ளோடை தாண்டிட்டா அது புதுச்சேரி. அங்க நம்ம சட்டம் கிடையாது. போன் அங்க இருந்தா ஜம்முனு தொறக்குது.”

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு முள்ளோடை என்றாலே சிரிப்பு வரும். கடலூரில் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை, எல்லையில் வரிசையாகச் சாராயக் கடைகள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறவன் எதற்குப் போகிறான் என்று குழந்தைக்கும் தெரியும். எனக்கு அந்தக் கடைகளைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது அக்கா. முள்ளோடையிலிருந்து உள்ளே திரும்பிப் பாகூர் பக்கம் போனால் அவள் ஊர். அவளை அங்கே கட்டிக்கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமா இறந்தபின் தனியாக இருக்கிறாள், பிள்ளை இல்லை. பொங்கலுக்கு ஒருமுறை, மாமாவின் திதிக்கு ஒருமுறை, வருஷத்துக்கு இரண்டு தடவை போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவேன். அதிலும் ஒன்றை எப்படியாவது ஷிஃப்டைக் காட்டித் தட்டிக்கழித்துவிடுவேன்.

அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொங்கலும் இல்லை திதியும் இல்லை, பைக்கை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர் என்று வெயிலில் ஊர் ஊராகத் தாண்டிப் போய் அவள் வாசலில் நின்றேன். கதவைத் திறந்தவள் பயந்துவிட்டாள்.

“என்னாடா, அங்க யாருக்கு என்னா ஆச்சு?”

“ஒன்னும் ஆகலக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

சும்மா என்ற சொல்லை அவள் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, “எந்தம்பி வந்துருக்கு, மீன்காரன் போயிட்டானா பாரு” என்று கத்தினாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு பொய்.

அவள் அடுக்களையில் உட்கார்ந்து போனைத் திறந்தால் அதே வரி வந்தது. எங்கள் பக்கத்து எல்லை இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் பங்குபோட்டுக்கொண்ட எல்லை, எலி கடித்த துணி மாதிரி இருக்கும். அவள் வீடு புதுச்சேரி, ரேஷன் கார்டு புதுச்சேரி, கொல்லைக்குப் பின்னால் இருக்கிற கரும்பு கடலூர் மாவட்டம். வீட்டுக்குள் இருந்தால் போனுக்குக் குழப்பமாக இருந்தது போலும். கூடத்துக்கு வந்தேன், வாசலுக்கு வந்தேன், கடைசியில் மாடி ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கீற்றுச் சார்ப்பு போட்டிருந்த மூலையில் உட்கார்ந்ததும் திறந்துகொண்டது. “மேல நல்லா காத்து வருதுக்கா” என்று கீழே குரல் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அதே மூலை. பெரிய போட்டி மதியம் தொடங்கிப் பொழுது சாயும்வரை நடக்கும். அதற்காக ஷிஃப்டை யார் யாரோடோ மாற்றிக்கொண்டேன். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் திரும்பி வரும்போது போலீஸ்காரர் என் பையைத் திறந்து பார்த்து, பாட்டில் இல்லாததைக் கண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வீட்டில் என் மனைவி முதல் இரண்டு வாரம் கதவருகிலேயே மோப்பம் பிடித்தாள். பிறகு நம்பிவிட்டாள். அத்தோடு விட்டாளா? “எங்க வீட்டுக்காரரு அக்காவைப் பாக்க வாராவாரம் போறாருங்க, இந்தக் காலத்துல யாருங்க போறாங்க?” என்று எங்கள் குடியிருப்பு ப்ளாக் முழுக்கச் சொல்லிவைத்தாள். தண்ணீர் வண்டிக்காரர்கூட என்னை நிறுத்தி விசாரித்துவிட்டு, “நல்லா இருப்பீங்க சார்” என்றார். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

அக்கா ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் மாடிக்கு வருவாள். டீ, வறுத்த வேர்க்கடலை, மீன் வறுவல், திரும்பவும் டீ. “ஆபீஸ் வேலைக்கா, போன்லதான் பாக்கணும்” என்று சொல்லியிருந்தேன். அவள் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள், ஏதாவது பேசுவாள். எதிர்வீட்டுப் பெண்ணின் சீமந்தம், ரேஷனில் போட்ட பச்சரிசி. நான் உம் கொட்டுவேன், கண்ணை எடுக்காமல். நானாக உம் கொட்டுவதை நிறுத்தினால் அவளாகவே இறங்கிப் போய்விடுவாள்.

டீ கேட்டால் முதலில் கால்மணியில் வந்தது. பிறகு அரைமணி ஆயிற்று. பிறகு படியில் காலடி கேட்கும், நின்றுவிடும், ரொம்ப நேரம் கழித்துத் திரும்பக் கேட்கும். மேலே வந்தவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்குவாள். “என்னக்கா கெழவி ஆயிட்ட?” என்று கேலி செய்தேன். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சிரித்தாள். காலில் மாமாவின் பழைய ரப்பர் செருப்பைப் போட்டிருந்தாள். “உன்னுது எங்க?” என்றேன். “பத்தல. கால் கொஞ்சம் ஊதிக்கினு இருக்கு, வாயுதான்” என்றாள். சரி என்று போனைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒருவன் வழக்கமாக எடுத்துக்கொள்வதைவிட இரண்டு விநாடி அதிகமாக யோசித்துக்கொண்டிருந்தான், அது எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஒரு ஞாயிறு நான் போனபோது மாடியிலிருந்து கீழே ஒரு கயிறு தொங்கியது, நுனியில் பிளாஸ்டிக் கூடை. “நீ மேல இருந்துக்கினே இழுத்துக்க, நான் கீழ இருந்து வெச்சி விட்டுடுறேன். கிணத்துல சேந்துற மாதிரி” என்று குழந்தையைப் போலச் சொல்லிக் காட்டினாள். நல்ல யோசனைதான் என்று நினைத்தேன். என் கவனம் கலையாது. அவளைப் பாராட்டக்கூடச் செய்தேன். ஏறமுடியாமல் போனவள் அதைச் சொல்லாமல் கண்டுபிடித்த வழி அது என்று இப்போது எழுதும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்பவேண்டும்போல் இருக்கிறது.

அதற்கு முன்பே அவள் வாய்விட்டுக் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள், மூன்றும் நினைவிருக்கிறது. நெய்வேலியில் இதயத்துக்குப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து கிளினிக்கில் உட்காருவார். என் மனைவி போனில் அதை அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

“வர ஞாயித்துக்கெழம நான் பஸ் ஏறி அங்க வந்துடட்டுமாடா? அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு தபா காட்டிக்கினு, புள்ளைங்களையும் பாத்துக்கினு வந்துடுறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவள் நெய்வேலிக்கு வந்தால் நான் எப்படி எல்லை தாண்டி அவள் மாடியில் உட்காரமுடியும்? “நீ ஏன்க்கா இந்த வெயில்ல அலையுற? நானே வரேன். அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. தம்பி தன்னை அலையவிடமாட்டேன் என்கிறான் அல்லவா. இரண்டாவது தடவை மழையைக் காரணம் காட்டினேன். மூன்றாவது தடவை, “கிளினிக்ல கூட்டம்க்கா, நான் டோக்கன் போட்டுச் சொல்றேன்” என்றேன். டோக்கன் போடவில்லை. வார நாளில் லீவு போட்டுப் புதுச்சேரியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம், முள்ளோடையிலிருந்து எத்தனையோ பஸ் இருக்கிறது. அது தோன்றாமல் இல்லை. லீவை ஞாயிற்றுக்கிழமைக்காகச் சேர்த்துவைத்துக்கொண்டேன்.

என் மனைவியும் கேட்டாள். “அண்ணிக்கு மூச்சு வாங்குதுன்னாங்களே, டாக்டரம்மாகிட்டக் காட்டலாம்ல? கூட்டிட்டு வாங்களேன்.”

“இப்பப் பரவாயில்ல. நான்தான் வாராவாரம் பாக்குறேனே.”

இந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான். வாராவாரம் பார்க்கிறேனே என்றதும் அவள் அதை விட்டுவிட்டாள். நேரில் பார்ப்பவனிடம் போனில் கேட்டவளால் என்ன வாதாட முடியும்?

சித்திரை வெயிலில் ஒருநாள். இரண்டு ராஜா சீட்டு என் கையில். போட்டியின் கடைசி மேஜை, மற்றவர்கள் தோற்று வெளியேறி ஒன்பது பேர் மிச்சம். கீழே ஏதோ பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. கொல்லையில் கோழிகூடக் கத்தவில்லை. எழுந்திருக்கவேண்டும் என்று கால் சொன்னது. திரையில் என் முறை வந்திருந்தது, இருபத்தைந்து விநாடி ஓடிக்கொண்டிருந்தது. நான் பந்தயத்தை ஏற்றினேன். எதிராளி யோசித்தான். அவன் யோசித்து முடிக்கும்வரை நானும் உட்கார்ந்திருந்தேன். அவன் விட்டுக்கொடுத்த பிறகுதான், “என்னக்கா?” என்று கத்தினேன்.

பதில் வர நேரமாயிற்று. “ஒன்னுமில்லடா. சொம்பு வுழுந்துடுச்சி.”

மாடி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து, தலையை முட்டியில் வைத்திருந்தாள். தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியிருந்தது. “ஒக்காந்துக்கினு இருக்கேன், காத்து நல்லா வருது” என்றாள், தலையைத் தூக்காமல். நான் திரும்பிப் போய் அடுத்த ஆட்டத்தை ஆடினேன். அன்று ஜெயித்தேன். போகும்போது அவளுக்கு ஒரு புடவை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பணம் கொடுத்தேன், அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆவணி பிறந்த வாரத்தில் அது நடந்தது. இந்தத் தடவை மாநிலம் இல்லை, டில்லியிலேயே சட்டம். பணம் வைத்து ஆடுகிற எந்த ஆட்டமும் நாட்டில் எங்கேயும் கிடையாது. வியாழக்கிழமை டிவியில் செய்தி ஓடியது. வெள்ளிக்கிழமை திறந்தால் ஆட்டங்கள் இல்லை, ஒரு நன்றி அறிவிப்பும், மீதிப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி ஒரு குறிப்பும் மட்டும். முள்ளோடை தாண்டினாலும் ஒன்றுதான், காசி ராமேஸ்வரம் போனாலும் ஒன்றுதான். ஷிஃப்டில் எல்லோரும் அதையே பேசினோம். ஒருவர் சட்டத்தைத் திட்டினார், ஒருவர் தொலைந்தது சனியன் என்றார். வெளிநாட்டுத் தளம் இருக்கிறது என்று ஒருவர் கிசுகிசுத்தார். பம்பின் முள்ளைப் பார்த்தபோது எண் மனசில் நிற்கவில்லை, இரண்டு தடவை பார்த்துக் குறித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அக்கா வீட்டுக்குக் கிளம்பலையா?”

“இந்த வாரம் வேணாம். உடம்பு அசதியா இருக்கு.”

பகல் முழுக்கக் கட்டிலில் கிடந்து, மூடிய ஆப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். மதியம் அக்கா போன் செய்தாள். “வவ்வா மீன் கொழம்பு வெச்சிட்டேன். எங்க வந்துக்கினு இருக்க?” ஷிஃப்ட் மாறிவிட்டது என்றேன். “செரி செரி, வேலைதான் முக்கியம். நான் கொழம்பை எடுத்து வெச்சிடுறேன், நாளைக்கு வந்தாக்கூட நல்லா இருக்கும்” என்றாள். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சுக்காக நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறும் போகவில்லை. அவள் போன் செய்யவில்லை. அப்பாடா, கேள்வி கேட்கவில்லை என்று நினைத்தேன். அதுதான் என் புத்தி அப்போது.

மூன்றாவது ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் போன் செய்தார். “உங்க அக்காவால படுக்கவும் முடியல, எழுந்துக்கவும் முடியலைங்க. ரெண்டு நாளா செவுத்துல சாஞ்சி ஒக்காந்துக்கினே தூங்குறாங்க. உங்கள்ட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. எனக்கு மனசு கேக்கலை.”

நானும் மனைவியும் போனோம். எத்தனையோ மாதத்தில் முதல்முறையாக நான் நேரே மாடிக்குப் போகாமல் வீட்டுக்குள் போனேன். அடுக்களைச் சுவரில் முதுகை வைத்து, கால்களை நீட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். உதடு நாவல் பழம் தின்றவள் உதடுபோல் இருந்தது. கழுத்து நரம்பு தனியாகத் துடித்தது. கால் இரண்டும் பளபளவென்று வீங்கியிருந்தன. என் மனைவி விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது, நிரம்பவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இளம் டாக்டர், கண்ணாடி போட்டவர், பொறுமையாகப் பேசினார். வால்வு ரொம்பச் சுருங்கிவிட்டது, இதயம் பெரிதாகிவிட்டது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. முதலில் நீரை இறக்கவேண்டும், பிறகு ஆபரேஷனைத் தாங்குவாளா என்று பார்க்கவேண்டும்.

“எத்தனை நாளா மூச்சு வாங்குது? கூட யார் இருக்காங்க?”

அக்கா மூக்கில் வைத்திருந்த குழாயோடு பதில் சொன்னாள். “எந்தம்பிதான் சார். வாரம் தவறாது. ஞாயித்துக்கெழம ஆனா நெய்வேலியில இருந்து வண்டி ஓட்டிக்கினு வந்து கூடவே இருந்துட்டுப் போவும். கூடப் பொறந்ததுல இப்பிடி யாரு இருக்காங்க சொல்லுங்க.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “வாராவாரம் வந்தீங்களா?”

“ஆமாங்க.”

அவர் என்னைத் திட்டவில்லை. சீட்டில் ஏதோ எழுதினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் துணி எடுத்துவர அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

“அந்தச் சீட்டாட்டத்தை மூடிட்டாங்கன்னு டிவில சொன்ன அன்னிக்கு, உங்க அக்கா சோறு திங்கலைங்க.”

எனக்குப் புரியவில்லை. “அவளுக்கு அதைப் பத்தி என்ன தெரியும்?”

“தெரியாம? முள்ளோடை புளியமரத்தடியில போனை வெச்சிக்கினு உங்கள மாதிரி எத்தினி பேரு ஆடுனாங்க. மொத மாசமே தெரியும். ‘எந்தம்பி அதுக்குத்தான் வருது, எதுக்கு வந்தா என்னா, வருது இல்ல’ன்னு சொல்லும். ‘ஒடம்பு முடியலன்னு சொன்னா நெய்வேலி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூடும், அப்பறம் ஞாயித்துக்கெழம வராது’ன்னுதான், மூணு தபா உங்கள்ட்ட கேட்டதோட சொல்றதையே வுட்டுட்டாங்க. டிவில அதைக் கேட்டுட்டு, ‘போச்சிடி, இனிமே எந்தம்பி வராது’ன்னு ஒரே அழுகை.”

அந்தச் சட்டத்தால் நாட்டில் எத்தனையோ பேர் வயிறெரிந்தார்கள். வேலை போனவர்கள், காசு போனவர்கள், என்னைப்போல் மூடிய ஆப்பைத் திறந்து திறந்து பார்த்தவர்கள். சீட்டுக்கட்டைத் தொட்டே பார்க்காத ஒருத்தி பாகூர் பக்கத்தில் சோறு தின்னாமல் அழுதிருக்கிறாள். அவள் பயந்தபடியேதான் நானும் நடந்துகொண்டேன், இரண்டு ஞாயிறு.

இருபது நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நீர் வடிந்துவிட்டது. ஆபரேஷன் பற்றிக் கேட்டால் டாக்டர்கள் அடுத்த பரிசோதனை முடியட்டும் என்கிறார்கள். அது முடிந்தால் அதற்கு அடுத்தது. ஒவ்வொரு முறையும் அவர்கள் குரல் கொஞ்சம் மெதுவாகிறது. எங்களோடு நெய்வேலிக்கு வந்துவிடு என்று என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். அக்கா மாட்டேன் என்கிறாள். அதனால் நான்தான் போகிறேன், ஞாயிறு மட்டுமில்லை, ஷிஃப்ட் முடிந்த எந்த நாளிலும். அடுக்களையிலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுக்கிறேன். மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கிறேன். அவள் எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டிருக்கிறாள். காலை அழுத்திப் பார்க்கிறேன், போன வாரம் மறுபடி லேசாகக் குழி விழுந்தது.

நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து கேட்கிறாள்.

“என்னாடா, ஆட்டத்தைத் தொறந்துட்டாங்களா?”

“இல்லக்கா. சும்மா உன்னப் பாக்கத்தான் வந்தேன்.”

அவள் என் கையில் போன் இருக்கிறதா என்று பார்க்கிறாள். இல்லையென்றால், சட்டைப் பையைப் பார்க்கிறாள்.